கடைசிப் பத்து மீட்டர்

மாணவர்களே, ஒருவர் ஒளித்துவைத்த சிறு பெட்டியை, அவர் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு தேடும் விளையாட்டே ஜியோகேச்சிங். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2ஆம் தேதி நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் முதல் பெட்டியை ஒளித்துவைத்தார்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளங்களிலிருந்து சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கைக்கருவி கணக்கிடுகிறது. நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஒரு வினாடியில் மில்லியனில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் மாறிவிடும்! கருவியின் கடிகாரத்தைத் திருத்தவும் வேண்டியிருப்பதால், குறைந்தது 4 துணைக்கோளங்கள் தேவை. எனவே, முதலில் திறந்தவெளியில் சற்று நேரம் நில்லுங்கள்.

எண்களைப் பதியும்போது கவனம் தேவை. 1 பாகை 21.500 நிமிடம் என்றால் 21 நிமிடம் 30 வினாடி. அதை 21 நிமிடம் 50 வினாடி என்று பதிந்தால், 600 மீட்டருக்கும் மேல் வடக்கே போய்விடுவீர்கள்.

பெட்டியை நெருங்கியதும் அம்புக்குறி அங்குமிங்கும் திரும்பலாம். கருவி கெட்டுவிடவில்லை. மரங்கள் சமிக்ஞையை வலுவிழக்கச் செய்கின்றன. உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் சமிக்ஞை சுற்றி வருவதால் தூரம் கூடுதலாகத் தெரிகிறது. திறந்தவெளியிலும் சில மீட்டர் பிழை உண்டு. ஒளித்தவரின் கருவிக்கும் அதே பிழை இருந்திருக்கும். ஆகவே, கடைசிப் பத்து மீட்டரில் கருவியைப் பையில் வைத்துவிட்டுக் கண்களால் தேடுங்கள். வேர் இடுக்கில் கைவிடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள். அங்கே பாம்போ தேளோ இருக்கலாம்.