கண்ணாடிக்குள் கடல் – 6: கலிங்கு எந்தப் பக்கம்?

தொட்டியின் அளவு போன வாரமே முடிவாகிவிட்டது: நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் ஒரு கேள்வி பாக்கி. தண்ணீர் எந்தப் பக்கம் வழிய வேண்டும்? பாறையைப் பிறகு நகர்த்தலாம், விளக்கை மாற்றலாம், பம்ப்பை விற்றுவிட்டு வேறு வாங்கலாம். கண்ணாடியில் போட்ட துளை போட்டதுதான்.

தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் புரதமும் கொழுப்பும் நீரின் மேல் படலமாகக் கட்டும். காற்று உள்ளே கலப்பதை அது தடுக்கும். பவளத்துக்குப் போகும் வெளிச்சத்தையும் கொஞ்சம் மறைக்கும். இந்த மேல்நீரை வழித்து, கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப்புக்கு அனுப்புவதே ஓவர்ஃப்ளோவின் முதல் வேலை. அங்கே புரோட்டீன் ஸ்கிம்மர் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்க, பம்ப் நீரை மறுபடி மேலேற்றும்.

மழைக்காலத்தில் ஏரிக் கலிங்கைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கலிங்கு நீளமென்றால் நீர் மெல்லிய தகடாக வழியும்; குறுகல் என்றால் கனத்துப் பாயும். மணிக்கு 3,000 லிட்டர் ஓடும் தொட்டியில், 20 செ.மீ. விளிம்பின் மேல் நீர் ஏறக்குறைய 17 மி.மீ. நிற்கும். விளிம்பு 120 செ.மீ. என்றால் 5 மி.மீ.தான். மெல்லிய நீரோட்டம் படலத்தை மட்டும் இழுத்து வரும்; கனத்த ஓட்டம் அதற்குக் கீழே உள்ள நீரையும் சேர்த்து அள்ளும். மீன் தாண்டாதிருக்க வைக்கும் சீப்புப் பல் தடுப்பு இந்த நீளத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே, மூலையில் கோபுரம்போல் நிற்கும் பெட்டி எனக்குப் பிடிப்பதில்லை. செய்பவருக்குச் சுலபம், வைத்திருப்பவருக்கு இடைஞ்சல். விளிம்பும் குறைவு, பாறை அடுக்கும் இடமும் போகும். பின்சுவரின் நடுவில் வைத்தாலோ பாறையை அதைச் சுற்றியே அடுக்க வேண்டியிருக்கும். பின்கண்ணாடியின் மேல்புறம் முழு நீளத்துக்கும் ஒடுங்கிய பெட்டி கட்டுவதே என் தேர்வு. பவள வளர்ப்பு பற்றி எழுதிய அமெரிக்கர் ஆந்தனி கால்ஃபோவின் பெயரால் அழைக்கப்படும் முறை இது. பெட்டிக்குள் கை நுழைய வேண்டும். குழாய்க்குள் நத்தை போய்ச் சிக்கிக்கொள்ளும் நாள் கட்டாயம் வரும்.

தொட்டியின் குறுகிய பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, மூன்று பக்கமும் பார்க்கும்படி வைப்பதானால் கதையே வேறு. யாரும் பார்க்காத அந்த இரண்டடிப் பக்கம்தான் ஓவர்ஃப்ளோவுக்கு மிச்சம். எதிர்முனையில் தேங்கும் படலத்தை அங்கே தள்ளிக்கொண்டு வர, அலை எழுப்பும் பம்ப்புகளை அதற்கேற்பத் திருப்பி வைக்க வேண்டும்.

குழாய் மூன்று போடுங்கள். ஒன்று கேட் வால்வு வைத்து, காற்றே புகாமல் நிறைந்து ஓடுவது, சத்தமே இருக்காது. இரண்டாவது, மிஞ்சும் சிறு அளவைக் காற்றோடு இறக்குவது. மூன்றாவது சும்மா நிற்கும். முதலிரண்டும் அடைத்துக்கொண்டால் வரவேற்பறை நனையாமல் காப்பது அதுதான். அதில் வால்வே கூடாது. துளையில்லாத தொட்டியின் விளிம்பில் மாட்டும் யூ வடிவக் குழாயை நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் காற்று சேர்ந்து ஓட்டம் அறுந்தால், பம்ப் நிற்காமல் ஏற்றும் நீர் தரையில்தான் கொட்டும்.

கரன்ட் போனதும் விளிம்புக்கு மேலே நின்ற நீரெல்லாம் கீழே இறங்கும். பம்ப்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக இருந்தால், அதன் வழியாகவும் திரும்பி இறங்கும். நம் தொட்டியில் 3 செ.மீ. இறங்கினாலே சுமார் 22 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு காலியிடம் எப்போதும் இருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். துளை போடும் கண்ணாடி டெம்பர்டு ஆக இருக்கக் கூடாது. டிரில் பட்ட உடனே நொறுங்கிவிடும். துளைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் இடையே குறைந்தது ஒரு துளை விட்டம் இடைவெளி வேண்டும். குழாய் அளவை வைத்துத் துளை அளவை ஊகிக்க வேண்டாம். டேங்க் நிப்பிளை முதலில் வாங்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வெளியே எல்போ திரும்ப, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே அரையடியாவது விட்டு ஸ்டாண்டைப் போடுங்கள்.