நடவாத குத்துச்சண்டை

ஜாக் டெம்ப்ஸியும் ஹாரி வில்ஸும் கோதாவில் எதிரெதிரே நின்றிருந்தால் வென்றிருப்பவர் யார்? 1920ஆம் வருஷத்தை ஒட்டி அமெரிக்காவின் குத்துச்சண்டைப் பிரியர்கள் இக்கேள்வியை எழுப்பி வாதாடத் தொடங்கினார்கள். ஆறு வருஷ காலம் அச்சண்டை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, டிக்கெட்டுகளும் அச்சாயின. சண்டை மட்டும் நடக்கவில்லை. வில்ஸ் 1958லும் டெம்ப்ஸி 1983லும் காலமாயினர். வாதமோ இன்னும் காலமாகவில்லை.

இருவருடைய புஜபலத்தையும் தராசில் இட்டு நிறுத்துத் தீர்ப்புச் சொல்வதற்காக நாம் இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளவில்லை. உரிமை கேட்டு வந்த ஒருவரை, 'உமக்கு உரிமையில்லை' என்று யாரும் வாய்திறந்து சொல்லாமலே, 'சற்றுப் பொறும், அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று சொல்லிச் சொல்லியே கிழவராக்கிவிட்ட விந்தை இதில் அடங்கியிருக்கிறது. விளையாட்டுச் செய்திகளைப் படிக்கும் வழக்கமில்லாத நேயர்களும் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பது நமது அவா.

நிறபேதம் குத்துச்சண்டை மேடையில் டெம்ப்ஸி காலத்தில் புதிதாக ஏறிய தன்று. ஜான் ஸல்லிவன் என்னும் பழைய சாம்பியன் 1892ல் உலகத்து வீரர் அனைவரையும் அறைகூவி அழைத்தபோதே கறுப்பர்களை மட்டும் விலக்கி வைத்தார். அவர் அவ்விதம் விலக்கியது பீட்டர் ஜாக்ஸன் என்ற மகா வீரரை மனத்தில் வைத்தே என்பது ஊரறிந்த ரகசியம். அந்த ஜாக்ஸன் 1891ல் ஜேம்ஸ் கார்பெட்டோடு 61 சுற்றுகள் பொருதியும் முடிவு காணாமல் சண்டை நிறுத்தப்பட்டது. மறு வருஷம் கார்பெட் ஸல்லிவனை வீழ்த்திப் பட்டம் சூடினார். ஜாக்ஸனுக்கோ பட்டத்துக்காகப் போராடும் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

இந்தத் தடையை உடைத்தவர் ஜாக் ஜான்ஸன். அப்போது சாம்பியனாயிருந்த டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு அவர் இங்கிலாந்துக்குப் போனார். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் போனார். 30,000 டாலர் தருவதாக உறுதி கிடைத்த பிறகே பர்ன்ஸ் இசைந்தார். 1908 டிசம்பர் 26ந் தேதி ஸிட்னி நகரில் பதினான்காவது சுற்றில் போலீஸார் குறுக்கிட்டுச் சண்டையை நிறுத்தும்படி ஆயிற்று. கறுப்பர் ஒருவர் உலக சாம்பியன் ஆனார். ஓய்வு பெற்றிருந்த ஜெப்ரீஸை வெள்ளையர் பலர் வற்புறுத்தி மீண்டும் மேடைக்கு இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4ந் தேதி ரீனோ நகரில் ஜான்ஸன் அவரையும் பதினைந்தாவது சுற்றில் முறியடித்தார். அன்றிரவு பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்மீது பாய்ந்தன. பல உயிர்கள் மடிந்தன. சண்டைப் படங்களை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் கொண்டு செல்வதை 1912ல் சட்டம் இயற்றியே தடுத்தார்கள். ஜான்ஸன் 1915ல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார்.

ஜான்ஸனையும் நாம் முழுமையாகப் புகழ்வதற்கில்லை. தாம் பட்டம் வகித்த காலத்தில் ஸாம் லாங்போர்ட், ஜோ ஜெனெட் முதலிய தலைசிறந்த கறுப்பு வீரர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. வெள்ளையரோடு சண்டையிட்டால் வசூல் அதிகம் என்பது அவருக்கும் தெரியும். அடைத்த கதவைத் தாமே உடைத்து உள்ளே சென்றவர், பின்னே வந்தவர்களுக்கு அதைத் திறந்து வைக்கவில்லை.

வில்லார்டை 1919 ஜூலை 4ந் தேதி டொலிடோ நகரில் டெம்ப்ஸி வீழ்த்தினார். முதற்சுற்றிலேயே ஏழு முறை தரையில் விழுந்தார் அந்த ராக்ஷதர். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எழுந்து வரவில்லை. பட்டம் கைக்கு வந்தவுடனேயே, கறுப்பர்களின் சவாலைத் தாம் ஏற்பதில்லை என்று டெம்ப்ஸி அறிவித்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வெளிவந்தது. இதில் வேடிக்கை யாதெனில், பட்டம் பெறுமுன் கறுப்பர்களோடு அவர் பொருதியிருக்கிறார். 1916ல் ஜான் லெஸ்டர் ஜான்ஸன் என்னும் கறுப்பர் அவர் விலா எலும்பை முறித்தே அனுப்பினார். பட்டம் பெற்ற பின்பும் அவருடைய பயிற்சிக் கூடாரத்தில் பில் டேட் போன்ற கறுப்பு வீரர்கள் கூலிக்கு நின்று தினந்தோறும் அவர் குத்துக்களை வாங்கிக் கொண்டிருந்தார்கள். கூடாரத்துக்குள் இல்லாத நிறபேதம், பட்டத்தைப் பணயம் வைக்கும் பகிரங்க மேடையில்தான் தலைதூக்கிற்று!

ஹாரி வில்ஸ் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து வளர்ந்தவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பருமனும் வாய்ந்தவர். வருஷத்தில் ஒரு மாதம் உபவாசம் இருக்கும் விரதமும் அவருக்கு உண்டு. வெள்ளையர் சண்டைக்கு வராத குறையால் கறுப்பு வீரர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதவேண்டியிருந்தது. வில்ஸும் லாங்போர்டும் பதினைந்து முறைக்கு மேல் பொருதியிருக்கிறார்கள் என்றால் அந்த நிலைமையை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். கறுப்பர்களுக்கென்று தனியே வகுத்திருந்த சாம்பியன் பட்டம் வில்ஸிடம் இருந்தது. உலகப் பட்டம் டெம்ப்ஸியிடம் இருந்தது. ஒரே தொழிலில், ஒரே தேசத்தில், இரண்டு சாம்பியன்கள்.

இனித் தாமதத்தின் சரித்திரம். 1922 ஜூலையில் இருவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் தேதியும் இல்லை. சண்டையை நடத்தித் தருபவர் பெயரும் இல்லை. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வில்ஸ் காத்திருந்தார். 1923 ஜூலையில் டெம்ப்ஸி, மான்டானா மாகாணத்தில் ஷெல்பி என்னும் சிற்றூருக்குச் சென்று டாமி கிப்பன்ஸோடு சண்டையிட்டார். உலகப் புகழ் பெறலாம் என்று எண்ணி அவ்வூரார் கையிலிருந்ததை எல்லாம் கொட்டினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. டெம்ப்ஸியின் காரியஸ்தர் கியார்ன்ஸ் வசூலை வாரிக்கொண்டு போனார். வட்டாரத்து வங்கிகள் சில முறிந்தன. செப்டம்பரில் ஆர்ஜென்டைனா தேசத்து பிர்போவோடு டெம்ப்ஸி மோதினார். கறுப்பரல்லாத எவருக்கும், எந்த மூலையிலும், தேதி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

1924ல் டெக்ஸ் ரிக்கார்ட் என்ற பெரும் பந்தய முதலாளி, டெம்ப்ஸி-வில்ஸ் சண்டை செப்டம்பர் 6ந் தேதி ஜெர்ஸி நகரில் நடக்கும் என்று வெளியிட்டார். டிக்கெட்டுகள் அச்சடிக்கப்பட்டன. பிறகு சண்டை ரத்தாயிற்று. அதே மாதம் 11ந் தேதி அதே நகரில் வில்ஸ் பிர்போவோடு பொருதினார். அந்நாளைய விதிப்படி நடுவர் முடிவு இல்லை. பத்திரிகை நிருபர்கள் வில்ஸுக்கே வெற்றி என்று எழுதினார்கள். 1925ல் மிச்சிகன் மாகாணத்து நைல்ஸ் என்ற ஊரில் இன்னொரு முதலாளி இன்னோர் ஒப்பந்தம் தயாரித்தார். வில்ஸுக்கு 50,000 டாலர் கிடைத்தது. டெம்ப்ஸிக்குச் சேரவேண்டிய முன்பணம் வந்து சேராமையால் அதுவும் அஸ்தமித்தது. சண்டையிடாததற்கே வில்ஸுக்குப் பணம் கிடைத்தது என்று ஹாஸ்யமாகச் சிலர் எழுதினார்கள். அந்த மனிதர் கேட்டது பணமா?

ரிக்கார்ட் சொல்லிவந்த சமாதானம் பொதுஜன அமைதி. ரீனோவில் நடந்த சண்டையை ஏற்பாடு செய்தவரும் அவரே. மேடையில் நடுவராக நின்றவரும் அவரே. அதைத் தொடர்ந்த ரத்தக்களரியை மீண்டும் காண விரும்பவில்லை என்பது அவர் வாதம். இதை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட நாம் துணியவில்லை. 1910ல் மாண்டவர்கள் மாண்டவர்களே. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. கலகம் செய்தவர் எவர்? தோல்வியைச் சகிக்காத வெள்ளைக் கும்பல்கள். தண்டனை அடைந்தவர் எவர்? கலகத்தில் சம்பந்தமே இல்லாத வில்ஸ். கலகக்காரன் கோபிப்பான் என்பதற்காக நியாயத்தை ஒத்திவைப்பதானால், கலகம் செய்யும் பலமுள்ள கட்சிக்கே நியாயத்தை ஏலம் போட்டுக் கொடுத்ததாகாதா? போலீஸும் பட்டாளமும் உள்ள ஒரு வல்லரசு, இரண்டு மனிதர்கள் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பதற்குக் காவல் போட முடியாது என்று சொன்னால் யார் நம்புவார்?

டெம்ப்ஸியைக் கோழை என்று ஒரு கட்சியார் ஏசினார்கள். நமக்கு அது சம்மதமன்று. தமக்கு மனத்தடை இல்லை என்றும், முதலாளிகளே குறுக்கே நின்றார்கள் என்றும் அவர் பிற்காலத்தில் சொன்னார். இருக்கலாம். ஆனால் சாம்பியன் மேடைக்கு வராவிட்டால் ரிக்கார்டின் கல்லாவில் ஒரு காசும் விழாது. கார்பெந்தியேயோடு 1921ல் நடந்த ஒரே சண்டைக்கு வசூல் 17 லட்சம் டாலருக்கு மேல். அத்தகைய பலம் கையிலிருந்தவர், 'வில்ஸோடுதான் அடுத்த சண்டை' என்று ஒரு வாக்கியம் சொல்லி அதில் நின்றிருந்தால் எந்த முதலாளி என்ன செய்திருப்பார்? குத்துக்கு அஞ்சாதவர் அந்த வாக்கியத்துக்கு அஞ்சினார் என்றே நாம் கருதவேண்டியிருக்கிறது.

ரஸிகர்களின் வாதத்துக்கும் வருவோம். டெம்ப்ஸி கட்சியார் பிர்போவைச் சாட்சிக்கு அழைப்பார்கள்: அவனை டெம்ப்ஸி இரண்டாவது சுற்றில் படுக்க வைத்தார், வில்ஸோ பன்னிரண்டு சுற்றுகள் போராடியும் முடிக்கவில்லை என்பார்கள். பிரெட் புல்டனையும் கூப்பிடுவார்கள். 1918ல் டெம்ப்ஸி அவரை அரை நிமிஷத்துக்குள் சாய்த்தார், 1920ல் வில்ஸுக்கு மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன. வில்ஸ் கட்சியார் விடமாட்டார்கள். முதற்சுற்றில் பிர்போவின் குத்தால் டெம்ப்ஸி கயிற்றுக்கு வெளியே பத்திரிகைக்காரர் மத்தியில் போய் விழுந்ததை நினைவூட்டுவார்கள்; நெருங்கிப் பிடித்து ஒரு கையால் குத்தும் வில்ஸின் பலத்துக்கு டெம்ப்ஸி பழகியவரல்லர் என்பார்கள். நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், டெம்ப்ஸியின் வேகத்துக்கே வெற்றி அதிகம் சாத்தியம். அதனால் என்ன? வெற்றி நிச்சயமானவனுக்குத்தான் போட்டியிட உரிமை என்றால் போட்டியே வேண்டாமே! தோற்கவும் வில்ஸுக்கு உரிமை இருந்தது. அதைக் கூட அவருக்குக் கொடுக்கவில்லை.

அதிகாரம் முழுவதும் ஒரே பக்கம் நின்றது என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் மாகாணத்துக் குத்துச்சண்டைக் கமிஷனில் இருந்த ஜேம்ஸ் பார்லி என்பவர், வில்ஸே முறைப்படி அடுத்த போட்டியாளர் என்று பிடிவாதமாக நின்றார். இவர் பிற்பாடு ரூஸ்வெல்ட் மந்திரிசபையில் தபால் இலாகாவை வகித்தவர். கறுப்பர்களின் வோட்டுக்காகவே இவ்வாறு செய்தார் என்று எதிரிகள் தூற்றினார்கள். வோட்டுக்காகவே ஆகட்டும்; வோட்டு இருந்த இடத்தில் நியாயத்துக்கு ஒரு குரலாவது கிடைத்ததல்லவா? 1926ல் டெம்ப்ஸிக்கு நியூயார்க்கில் லைசென்ஸ் மறுக்கப்பட்டது. ரிக்கார்ட் சளைக்கவில்லை. வில்ஸை விட்டு ஜீன் டன்னி என்னும் வெள்ளை வீரரைப் பிடித்து, சண்டையைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினார். செப்டம்பர் 23ந் தேதி கொட்டும் மழையில் 1,20,000 பேர் நனைந்துகொண்டு பார்த்தார்கள். பத்துச் சுற்றுகளில் டெம்ப்ஸி பட்டத்தைப் பறிகொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 12ந் தேதி, புரூக்ளினில் ஜாக் ஷார்க்கி என்ற இளைஞர் முன் வில்ஸ் நின்றார். அவருக்கு வயது 37. அடி தாங்காமல் தடுமாறிப் பதின்மூன்றாவது சுற்றில் விதி மீறிக் குத்தியதாக விலக்கப்பட்டார். மறு வருஷம் உஸ்குதுன் என்ற ஸ்பானியர் அவரை நான்கு சுற்றுகளில் வீழ்த்தினார். 'பார்த்தீர்களா, இவருக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்று சிலர் நகைத்தார்கள். 1922ல் தடுத்தவர்கள் 1926ல் நகைப்பது எளிதுதான். 1915ல் ஜான்ஸன் இழந்த பட்டத்துக்காக இன்னொரு கறுப்பர் மேடை ஏறுவதற்கு 1937 வரையில், அதாவது ஜோ லூயிஸ் சிக்காகோவில் பிராடக்கை வெல்லும் வரையில், 22 வருஷங்கள் ஆயின. வில்ஸ் பின்னர் ஹார்லெமில் வீடு மனை வாங்கி விற்று மரியாதையாக ஜீவித்தார்.

நடவாத அச்சண்டை ஓரிடத்தில் மட்டும் பதிவாகி நிற்கிறது. அது சட்டப் புஸ்தகம். 1926 மார்ச்சில் சிக்காகோவைச் சேர்ந்த ஒரு கழகத்தார், செப்டம்பரில் சண்டை நடத்துவதென்று முதலில் வில்ஸோடும் ஒரு வாரம் கழித்து டெம்ப்ஸியோடும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். டெம்ப்ஸிக்கு ஆகஸ்டில் 3 லட்சம் டாலர், சண்டைக்கு முன் இன்னும் 5 லட்சம் என்பது பேச்சு. ஜூலையில் அவர், டன்னியோடு மோதப் பயிற்சி செய்வதால் தமக்கு நேரமில்லை என்று தந்தி கொடுத்துவிட்டார். கழகத்தார் இந்தியானா மாகாணத்தில் தடையுத்தரவு வாங்கியும் பயனில்லை. பிறகு நஷ்டஈடு கேட்டு வழக்காடினார்கள். சண்டை நடந்திருந்தால் 16 லட்சம் டாலர் லாபம் கண்டிருப்போம் என்றார்கள். நடவாத சண்டையின் லாபத்தை யார் கணக்கிட முடியும் என்று இல்லினாய் மேல் நீதிமன்றம் 1932ல் அதைத் தள்ளி, ஒப்பந்தம் கையெழுத்தானதற்கும் அது முறிந்ததற்கும் இடையே செய்த செலவுக்கு மட்டும் வழி விட்டது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நஷ்டஈட்டு விதியை விளக்க அவ்வழக்கை வாசிக்கிறார்கள். வழக்கின் தலைப்பில் டெம்ப்ஸியின் பெயர் இருக்கிறது. வில்ஸின் பெயர் இல்லை. கையெழுத்திட்ட அன்று டெம்ப்ஸி பெற்றுக்கொண்டதாக ஒப்பந்தத்தில் கண்ட தொகை பத்து டாலர்.