எண்ணெய் இல்லாத எண்ணெய்

ஊருக்குப் போய்த் திரும்பும்போது நம் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பளம், வடாம், காப்பித்தூள், ஒரு கட்டு வெட்டிவேர். ஊட்டிப் பக்கம் போயிருந்தால் நீலகிரித் தைலம் இரண்டு புட்டி. தில்லிக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் அந்தப் புட்டி இல்லாத குளிர்காலம் கிடையாது. தலைவலியா, மூக்கடைப்பா, முழங்கால் வலியா, எல்லாவற்றுக்கும் "தைலம் தேய்ச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி.

இப்போது அதற்குத் துணையாக வேறு பல புட்டிகளும் வந்துவிட்டன. லாவெண்டர், டீ ட்ரீ, ரோஸ்மேரி, லெமன்கிராஸ் என்று பழுப்புக் கண்ணாடியில் சின்னச் சின்னதாக. கூடவே ஆவி விடும் மின்சார ஜாடி ஒன்று. அதற்கு டிஃப்யூசர் என்று பெயர். மகளோ மருமகளோ வாங்கி வைக்கிறார்கள். அலுவலகம், குழந்தைகள் படிப்பு, இந்த ஊர்ப் போக்குவரத்து என்று அலைந்துவிட்டு வருபவர்கள் ராத்திரி அரை மணி நேரம் நல்ல வாசனையில் உட்கார விரும்பினால் அதில் தவறொன்றும் இல்லை. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், இந்தப் புட்டிகளில் இருப்பது என்ன, அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பெயர் விவகாரம். 'எண்ணெய்' என்றால் எள் நெய். 'தைலம்' என்பது வடமொழியில் எள்ளைக் குறிக்கும் 'தில' என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்திக்காரர்கள் 'தேல்' என்பதும் அதுதான். ஆக இரண்டு சொல்லுக்கும் தாய்வீடு எள்தான். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் தைலம் என்றாலும், பெரும்பாலும் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ மூலிகையைக் காய்ச்சி வடிகட்டியதுதான். அதை உள்ளங்கை நிறைய எடுத்து உடம்பெல்லாம் தேய்க்கலாம். பாட்டிமார் நமக்குத் தேய்த்ததும் அதைத்தான்.

நீலகிரித் தைலத்தில் எள்ளும் இல்லை, எண்ணெயும் இல்லை. யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. விறகுப் பஞ்சம் தீர்க்க வெள்ளைக்காரர்கள் 1843 வாக்கில் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். மலைவாசிகள் அதைக் கற்பூர மரம் என்பார்கள். இலையைப் பெரிய பானையில் போட்டு நீராவி ஏற்றினால், இலைக்குள் இருக்கும் வாசனைப் பொருள் ஆவியோடு கிளம்பி வரும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீர் கீழேயும் தைலம் மேலேயும் நிற்கும். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். அதில் பெரும்பகுதி சினியோல் என்ற ஒரே ரசாயனம். எண்ணெய் போல மிதக்கிறது, தண்ணீரில் கரைவதில்லை, அதனால் எண்ணெய் என்று பெயர் வைத்தார்கள். சமையல் எண்ணெய்க்கும் அதற்கும் வேறு உறவு கிடையாது. வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் பக்கத்தில் ஒரு சொட்டு நீலகிரித் தைலமும் விட்டுப் பாருங்கள். மறுநாள் நல்லெண்ணெய்க் கறை அப்படியே இருக்கும், தைலம் இருந்த இடம் தெரியாது.

'எசென்ஷியல் ஆயில்' என்பதைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்க்கிறார்கள். ரேஷன் கடையில் தருகிற சாமான் போல இருக்கிறது! அங்கே 'எசென்ஸ்' என்றால் சாரம். செடியின் வாசனைச் சாரம், அவ்வளவே. நறுமணச் சாறு என்றால் பொருத்தமாக இருக்கும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. 1994 டிசம்பர். என் மகனுக்கு ஐந்து மாதம். ஊரிலிருந்து அம்மா ஒத்தாசைக்கு வந்திருந்தார். தில்லிக் குளிர் அவருக்குப் புதிது. குழந்தைக்கும் அதுதான் முதல் குளிர்காலம். ராத்திரி மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுதான். "பாவம், மூச்சு விட முடியலை. துளி தைலம் வைக்கிறேன்" என்று விரலில் தொட்டு மூக்குக்குக் கீழே தடவினார். அழுகை சட்டென்று நின்றது. சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். விளக்கைப் போட்டால் குழந்தை விறைத்துக் கிடக்கிறான், உதடு நீலம் பாரித்திருக்கிறது. தூக்கி முதுகில் தட்டியதும் எப்படியோ மூச்சு வந்து கத்தினான். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். என்ன போட்டீர்கள் என்று கேட்ட டாக்டர், புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார்: "யே தேல் நஹீ ஹை, மாஜி." இது எண்ணெய் இல்லை, அம்மா.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தான் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் செய்ததைத்தானே அவர் செய்தார்!

நடந்தது இதுதான். யூகலிப்டஸ், கற்பூரம், மென்தால் மூன்றும் மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுபவை. 'மூக்கு திறந்துவிட்டது' என்று நமக்குத் தோன்றுவது அந்தக் குளிர்ச்சியால்தான். அளந்து பார்த்தால் மென்தாலை முகர்ந்த பிறகும் உள்ளே அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த உணர்வே ஆறுதல். கைக்குழந்தைக்கோ அதே தூண்டல் குரல்வளையை இறுக்கி மூச்சையே நிறுத்திவிடலாம். அதனால்தான் மார்பில் தேய்க்கும் களிம்பு டப்பாக்களில் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. குழந்தைக்கு மூக்கடைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

கற்பூரம் இன்னும் மோசம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுடவைத்துச் சளிக்குத் தேய்ப்பது நம் வீடுகளில் வழிவழியாக வருவது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். விழுங்கினால் நிமிஷக் கணக்கில் வலிப்பு வரலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராமே உயிருக்கு ஆபத்து. பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. சாமிக்கு ஏற்றுவது என்பதால் அது சாதுவாகிவிடாது. ஓமமும் கற்பூரமும் கிராம்பும் முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் பிராணவாயு ஏறும் என்று 2021 கொரோனா அலையின்போது பரவியதே, அது வெறும் வதந்தி. அந்த முடிச்சைத் தொட்டிலில் கட்டுகிற வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

பெரியவர்களுக்கு மட்டும் ஆபத்தே இல்லையா? பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் முன்னின்று தென்னிந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு ஒன்று 2021ல் வெளிவந்தது. வலிப்புடன் வந்த 350 பெரியவர்களில் 55 பேருக்கு யூகலிப்டஸ், கற்பூரம் போன்றவற்றின் உபயோகத்தோடு தொடர்பு இருந்ததாக அது சொல்கிறது. வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால் இந்த இரண்டையும் அவர் பக்கமே கொண்டு போகாதீர்கள். கர்ப்பிணிகள் எந்தத் தைலமானாலும் டாக்டரைக் கேட்டே தொட வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டேன், இனி நல்ல செய்தி. முறை தெரிந்தால் இவை அருமையான பொருள்கள். முறை என்பது பெரும்பாலும் கணக்குதான். ஒரு மில்லி தைலம் சுமார் இருபது சொட்டு. ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லி தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட நூறு சொட்டு. அதில் இரண்டு சொட்டுத் தைலம் கலந்தால் இரண்டு சதவீதம். பெரியவர்கள் கை கால் பிடித்துவிட அது போதும். முகத்துக்கு ஒரு சொட்டு. பத்துச் சொட்டு விட்டால் பத்து மடங்கு குணம் என்று நினைப்பவர்களுக்குத் தோல் சிவந்து கொப்பளிப்பதுதான் மிச்சம். புதிதாக ஒன்றை வாங்கினால், கலந்ததை முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த தைலத்தைத் தடவிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. சூடு போட்டாற்போல் ஆகிவிடும். குளிக்கிற வாளித் தண்ணீரில் நேரே விடுவதும் தவறு. கரையாமல் மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும்.

ஆவி பிடிக்க ஒரு பாத்திரத்துக்கு ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாத்திரத்தைக் கட்டில் மேல் வைக்காமல் தரையிலோ மேஜையிலோ வைத்து, குழந்தைகளைப் பக்கத்தில் விடாமல் பிடியுங்கள். தைலத்தைவிடக் கொதிநீரால் சுட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

டிஃப்யூசர் விஷயத்திலும் கை தாராளம் வேண்டாம். மூன்று சொட்டு, அரை மணி நேரம், ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்கட்டும். தில்லி நவம்பரில் ஜன்னலைத் திறந்தால் புகை வருமே என்றால், அந்த நாள்களில் டிஃப்யூசரை மூடி வைப்பதே மேல். இழுப்பு உள்ளவர்களுக்கு எந்த வாசனையும் இருமலைக் கிளப்பலாம். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ வேண்டவே வேண்டாம்; பூனைக்கு அது விஷம்.

எதற்கு எது? தலைவலிக்குப் புதினாத் தைலம் நல்லதென்று சொல்ல ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் 1996ல் வெளிவந்த ஆய்வில், சாராயத்தில் பத்து சதவீதம் கலந்து நெற்றியில் தடவியது, இறுக்கத்தால் வரும் தலைவலிக்குப் பாராசிட்டமால் அளவுக்கு வேலை செய்தது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம். அதிலுள்ள யூஜினாலைப் பல் டாக்டர்களும் பயன்படுத்துகிறார்கள். பஞ்சில் ஒரு சொட்டு, பல்லின் மேல் மட்டும், ஈறில் படாமல். அதுவும் டாக்டரிடம் போகிற வரைக்கும்தான். லாவெண்டர் மனப் படபடப்பைச் சற்றே தணிக்கிறது என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வருவதென்னவோ தொலைபேசியை வேறு அறையில் வைக்கிற நாள்களில்தான். கேரளத்து லெமன்கிராஸ், நம் தெருவில் இஞ்சிப்புல் என்பது, தரை துடைக்கிற தண்ணீரில் சில சொட்டு விட்டால் வீடே மணக்கும். கொசுவை விரட்டும் சிட்ரோனெல்லா ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. டெங்கு காலத்தில் அதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

வட இந்தியாவில் இருக்கும் நமக்கு ஒரு வசதி, சரக்கு விளைகிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. புதினாத் தைலத்துக்கு உலகத்திலேயே முதலிடம் இந்தியாவுக்கு. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில், பாராபங்கி வட்டாரத்து வயல்களில் விளைகிறது. இதற்கான ரகங்களை உருவாக்கிய சீமாப் ஆய்வு நிலையம் லக்னோவில் இயங்குகிறது. கான்பூருக்கு அருகே கன்னோஜ். அங்கே 'டேக்' என்னும் செம்புப் பானையில் பூவும் தண்ணீரும் போட்டு, களிமண்ணால் மூடியைப் பூசி, மூங்கில் குழாய் வழியாக ஆவியை 'பப்கா' என்ற பாத்திரத்தில் இறக்குவார்கள். மரபுப்படி பப்காவுக்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். ரோஜா, கேவடா, முதல் மழை பட்ட மண்ணின் வாசனைகூட அதில் வந்து இறங்கும். கலந்து தரவேண்டும் என்கிற அறிவு அந்தத் தொழிலிலேயே இருக்கிறது, பாருங்கள். இப்போது சந்தன விலையால் பல இடங்களில் பாரஃபின் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள்.

ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு மூன்று, நான்கு டன் பூ வேண்டும். நூறு ரூபாய்க்கு 'சுத்தமான ரோஜாத் தைலம்' கிடைத்தால் அது என்னவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மல்லிகையும் சந்தனமும் அப்படியே. வாங்கும்போது செடியின் தாவரவியல் பெயரும் தயாரித்த தேதியும் இருக்கிறதா பாருங்கள். திறந்த தேதியை மேலே எழுதி வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசான டீ ட்ரீ, எலுமிச்சைத் தைலங்கள்தான் அரிப்பை அதிகம் கிளப்புபவை.

எதையும் குடிக்கக் கூடாது. தேனில் ஒரு சொட்டு, வெந்நீரில் இரண்டு சொட்டு என்று யார் சொன்னாலும் வேண்டாம். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால், ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ்கூடப் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்கவைக்காதீர்கள், தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 112. தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

நீலகிரித் தைலப் புட்டியும் இருமல் மருந்துப் புட்டியும் ராத்திரி மின்சாரம் போன நேரத்தில் கைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அந்தக் குளிர்காலம் முடிந்து ஊருக்குக் கிளம்புமுன் அம்மா தைலப் புட்டியின் கழுத்தில் தடித்த சிவப்பு நூலை நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனார். "இருட்டில் தொட்டாலே தெரியும்" என்றார். இப்போது வருகிற சின்னப் புட்டிகளுக்கும் மருமகள் அப்படித்தான் நூல் கட்டுகிறாள்.