தறி சும்மா நிற்கிற நாள் எந்த ரிப்போர்ட்டில் வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறோம், பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

டேஷ்போர்டு, ரிப்போர்ட் பத்தி ஒரு எபிசோடு வேணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த விஷயத்தைப் பேசுறவங்க பெரும்பாலும் ஆன்லைன் கடை, சாஃப்ட்வேர் கம்பெனி உதாரணம்தான் எடுப்பாங்க. நாம இன்னைக்கு ஆரணிக்குப் போவோம். திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரை. அரிசி ஆலைக்கும் பட்டுச் சேலைக்கும் பேர் போன ஊர். ஒரு பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கம், இல்லைன்னா ஐம்பது அறுபது தறிக்கு நூல் கொடுத்து வேலை வாங்குற ஒரு மாஸ்டர் வீவர். இவங்களுக்கு ஒரு டேஷ்போர்டு போடணும்னா எங்கே ஆரம்பிக்கணும்?

பெரும்பாலானவங்க கையில் இருக்கிற டேட்டாவில் ஆரம்பிப்பாங்க. பில்லிங் சாஃப்ட்வேரில் விற்பனை இருக்கு, எக்செல்லில் கூலி இருக்கு. ரெண்டையும் பவர் பிஐயில் போட்டு, மேலே நாலு பெரிய எண், கீழே ரெண்டு பை சார்ட். பார்க்க அழகா இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு யாரும் திறக்க மாட்டாங்க. காரணம், அந்தப் பக்கத்தைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதனால முதல் கேள்வி இதுதான்: திங்கட்கிழமை காலையில் இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர் எதை முடிவு பண்ணப் போறார்?

ஆரணியில் அந்தத் திங்கட்கிழமை முடிவு என்னன்னு புரிய, வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பார்க்கணும். கச்சாப் பட்டு வாங்கி, முறுக்கேத்தி, சாயம் போட்டு, பாவு ஓட்டி, நெசவாளர் வீட்டுக்கு அனுப்புறாங்க. கூடவே ஊடைக்கு நூலும் சரிகையும் போகும். ஒரு பாவில் பொதுவா மூணு நாலு சேலை வரும். பாவு தீர்ந்ததும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையா பிணைக்கணும். அதுவே ஆயிரக்கணக்கான இழை. புதுப் பாவு தயாரா இல்லைன்னா தறி நிக்கும். கூலி சேலைக்கு இவ்வளவுன்னுதான். தறி நின்ன நாளுக்குக் கூலி கிடையாது.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 60 தறி, மாசம் 26 வேலை நாள். ஒரு சேலைக்கு 9 நாள்னு வச்சுக்குவோம். போன மாசம் 156 சேலை, இந்த மாசம் 150. டேஷ்போர்டில் என்ன தெரியும்? உற்பத்தி 4 சதவீதம் குறைவு, சேலைக்கு கூலி அதேதான். யாரும் கவலைப்பட மாட்டாங்க.

அதே மாசத்தைத் தறி நாளா எண்ணிப் பாருங்க. 60 தறி, 26 நாள், மொத்தம் 1,560 தறி நாள். 150 சேலைக்கு 1,350 நாள் போச்சு. மீதி 210 நாள் தறி சும்மா நின்னிருக்கு. சரி, தறிக்கு சராசரி மூன்றரை நாள்தானேன்னு தோணும். ஆனா அந்த 210-இல் 180 நாள் வெறும் 12 தறியில் நின்னதுன்னா? அந்த 12 வீட்டிலும் 15 நாள் வேலை இல்லை. மாச வருமானத்தில் பாதிக்கு மேல போயிடுச்சு. "சராசரி 3.5 நாள்" என்ற எண் தப்பே இல்லை, ஆனா அந்த 12 வீட்டையும் கண்ணில் படாம பண்ணிடுச்சு.

2019-20-இல் எடுத்த நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் கிட்டத்தட்ட மூணில் ரெண்டு பங்கு மாசம் 5,000 ரூபாய்க்கும் குறைவா சம்பாதிக்கிறதா வந்தது. இதைப் படிச்சதும் எல்லாரும் கூலி உயர்வைப் பத்திப் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனா வருமானம்னா ஒரு சேலையின் கூலியை மாசத்தில் இறக்கின சேலையோட பெருக்கி வர்ற தொகை. கூலிக்கு எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரு கட்டம் இருக்கு. தறி நின்ன நாளுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டம்கூட கிடையாது. ஏன்னா சேலை வந்தா ரசீது போடுவாங்க, தறி நின்னா யாரும் ரசீது போட மாட்டாங்க.

அப்போ பக்கத்தின் உச்சியில் என்ன வரணும்? என் கருத்தில் ஒரு பட்டியல் போதும். அடுத்த பத்து நாளில் பாவு தீரப் போற தறிகள், குறைஞ்ச நாள் மீதி இருக்கிறது மேலே. பக்கத்திலேயே அந்தத் தறிக்கான அடுத்த பாவு இப்போ எங்கே இருக்கு: சாயப் பட்டறையிலா, பாவு ஓட்டுறவர்கிட்டயா, இல்லை இன்னும் ஆர்டரே போடலையா? சார்ட்டே வேண்டாம். இதைப் பார்த்து மேனேஜர் அன்னைக்கே ஒரு போன் பண்ணலாம். நின்ன தறியை எண்ணுறது நடந்து முடிஞ்சதைச் சொல்லும், இந்தப் பட்டியல் அடுத்த வாரம் நிக்கப் போறதைச் சொல்லும். தெருவில் பாவு விரிச்சு வேலை பண்ற ஊரில் மழைக்காலத்துக்கு ரெண்டு மூணு நாள் சேர்த்து வைக்கணும், அதையும் கணக்கில் எழுதிடலாம்.

(இங்கே ஒரு சின்ன விஷயம். டேஷ்போர்டுன்னா முதலில் குதிரை வண்டியின் முன்னாடி இருந்த பலகை. குளம்படியில் தெறிக்கிற சேறு ஓட்டுறவர் மேலே படாம தடுக்கிறதுக்கு. அப்புறம் காருக்கு வந்து, வேகம் காட்டுற முள் அதில் ஏறுச்சு. ஓட்டிக்கிட்டே ஒரு கண் பார்வையில் பார்க்கிற விஷயம். ஸ்க்ரோல் பண்ணிப் பார்க்கிற பதினெட்டு சார்ட் அந்தப் பேருக்குப் பொருந்தாது.)

அடுத்தது ஒப்பீடு. எல்லா டெம்ப்ளேட்டிலும் "போன வருஷம் இதே மாசம்" ஒரு கட்டம் இருக்கும். பட்டுச் சேலைக்கு அது ஆபத்து. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபர் 2024-ஐ அக்டோபர் 2023-ஓட ஒப்பிட்டா விற்பனை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி தெரியும். அடுத்து நவம்பரைப் பார்த்தா ஏதோ கடையை மூடுற நிலைமை மாதிரி சிவப்பு அம்பு. ரெண்டும் உண்மை இல்லை, பண்டிகை நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். அதனால சார்ட்டின் கீழ் அச்சில் தேதியை எடுத்துட்டு "தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்"னு போடுங்க. 90, 60, 30, 0. மூணு வருஷக் கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வைங்க. இந்த வருஷம் பின்தங்கியிருக்கோமா இல்லையான்னு அப்போதான் நேர்மையா தெரியும். கல்யாண விற்பனைக்கும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மாசத்தை ஒப்பிடுறதை விட முகூர்த்த நாள் எத்தனைன்னு பார்த்து ஒப்பிடுங்க.

எடைக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கு. கச்சாப் பட்டு மேலே செரிசின்னு ஒரு பசை இருக்கும். சாயம் போடுறதுக்கு முன்னாடி அதை வேகவச்சு எடுத்துடுவாங்க. அதிலேயே எடையில் 20 முதல் 25 சதவீதம் போயிடும். 40 கிலோ அனுப்பினா 30, 32 கிலோதான் திரும்பி வரும். இது தெரியாத ஒருத்தர் டேஷ்போர்டு போட்டா சாயப் பட்டறைக்கு நேரா "8 கிலோ இழப்பு"ன்னு சிவப்பில் வரும். அதை முதலாளி பார்த்தா ஒரு பாவமும் அறியாத மனுஷன் திருடன் ஆயிடுவார். போதாததுக்கு பட்டு காத்து ஈரத்தையும் இழுக்கும், மழைக்காலத்தில் நிறுத்த எடை வேற, சித்திரை வெயிலில் நிறுத்த எடை வேற. சிவப்பு எரிய வேண்டியது இழப்பு இருக்கும்போது இல்லை, வழக்கமான அளவைத் தாண்டும்போது. அந்த வழக்கமான அளவு என்னன்னு சொல்லக்கூடியவர் சாயப் பட்டறைக்காரர்தான். அவரைக் கேட்காம அந்தக் கட்டத்தைப் போடாதீங்க.

டேட்டா சுத்தம் பத்தி நீளமா பேசப் போறதில்லை, ஒரே உதாரணம். "எம்.எஸ். ப்ளூ", "எம்எஸ் நீலம்", "எம்மெஸ் புளூ". ஒரே கலர், மூணு பேர் மூணு விதமா டைப் பண்ணியிருக்காங்க. ரிப்போர்ட்டில் மூணு கலரா பிரிஞ்சு, மூணுமே விற்பனையில் கடைசியில் நிக்கும். நல்லா போற கலரை நிறுத்திடுவாங்க. இதுக்கு ஏஐ எல்லாம் வேண்டாம். கலர் பேரை டைப் பண்ண விடாம, பட்டியலில் இருந்து எடுக்க வைங்க.

இருப்புக்கு ஒரு வரி: மொத்த மதிப்பு மட்டும் போடாதீங்க, வயசைப் போடுங்க. 180 நாளைத் தாண்டிய சேலை எத்தனை, எந்த டிசைன், எந்தக் கலர். அந்த டிசைன் இப்பவும் ஏதாவது தறியில் ஓடிக்கிட்டு இருந்தா அது மேலே வரணும். விக்காத சேலைக்குப் பக்கத்திலேயே அதே சேலை இன்னும் நெய்யப்படுறதைப் பார்த்தா, அடுத்த பாவுக்கு என்ன கலர்னு முடிவு தானா வரும்.

கடைசியா, யார் பார்க்கிறாங்க? பெரும்பாலும் டேஷ்போர்டு மேனேஜர் போனில் மட்டும் இருக்கும். பாவு தீரும் பட்டியலைத் திங்கட்கிழமை காலையில் ஒரு ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, நூல் கொடுக்கிற இடத்தில் ஒட்டலாம். தறி எண், மீதி நாள், அடுத்த பாவு இருக்கிற இடம். மூணே மூணு பத்தி. நூல் வாங்க வர்றவங்க தங்கள் வரியைப் பார்த்துட்டு "இல்லைங்க, எனக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. பேனாவில் திருத்திக்கலாம், சாயங்காலம் எக்செல்லில் ஏத்திக்கலாம். சில சங்கங்களில் இதுக்குத் தயக்கம் இருக்கும், ஏன்னா யாருக்கு முதலில் பாவு போகுதுங்கிறதும் அந்தத் தாளில் எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.