மண்ணுக்குள் ஓர் ஊர் - 9: வால்வுக்கு முன்னால் மண்

சென்ற வாரம் புதைகுழாய்களைப் பார்த்தோம். வால்வு குழாயைவிடச் சிக்கலானது. குழாய் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனது. வால்வின் உடல் ஓர் உலோகம், ஸ்பிண்டில் எனும் திருகுதண்டு இன்னொன்று, நட்டும் போல்ட்டும் வேறொன்று. இத்தனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈர மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்க வேண்டும். வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதோ, துருப்பிடிக்காத உலோகம் எது என்பதைத்தான். எந்த மண்ணில், எந்த உலோகத்துக்குப் பக்கத்தில் என்று தெரியாதவரை அந்தக் கேள்விக்கு விடையே இல்லை.

இதற்கு மிக வலுவான சான்று அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகம் 1922இல் தொடங்கிய சோதனை. உலோகத் துண்டுகளையும் குழாய்த் துண்டுகளையும் நாடு முழுக்க 128 இடங்களில் புதைத்து, ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். 333 வகைப் பொருட்கள், ஏறத்தாழ 36,500 மாதிரிகள். முடிவுகளை மெல்வின் ரோமனாஃப் 1957இல் தொகுத்து வெளியிட்டார். வார்ப்பிரும்பு, தேனிரும்பு, சாதாரண எஃகு மூன்றும் ஒரே மண்ணில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அரிக்கப்பட்டிருந்தன. மண் மாறியபோதுதான் வேகம் பல மடங்கு மாறியது. நீர் வடிந்து காற்றோடும் மணலில் நெடுங்காலம் தாங்கும் இரும்பு, உப்பேறிய கடலோரக் களிமண்ணிலோ குட்டநாட்டின் அமிலக் கரிநிலத்திலோ அப்படித் தாங்காது. தண்ணீர் தேங்கிக் காற்று போகாத களிமண்ணில் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றி வாழும் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்கின்றன. அவை வேலை செய்த இடத்தில் இரும்பின் மேல் கறுப்பாக சல்ஃபைடு படிந்திருக்கும். ஆகவே மண்ணின் மின்தடை, அமிலத்தன்மை, ஈரம், சல்ஃபைடு ஆகியவற்றை அளந்து மதிப்பெண் போடுகிறது அமெரிக்கக் குடிநீர்ப் பணிகள் சங்கத்தின் தரநிர்ணயம். கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால், அந்த மண்ணில் டக்டைல் அயர்ன் எனும் எளிதில் உடையாத வார்ப்பிரும்பைப் பாதுகாப்பின்றிப் புதைக்கக் கூடாது.

'எவர்சில்வரையே போட்டுவிட்டால் இந்தச் சோதனையெல்லாம் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் துருவேறா எஃகைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறல்பட்டால் தானே ஆறிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். களிமண் அப்பிய இடத்திலும் ஃபிளாஞ்சின் இடுக்கிலும் ஆக்சிஜன் குறைவு. அங்கே உப்பின் குளோரைடும் சேர்ந்தால் ஊசி குத்தியதுபோல் பள்ளம் விழுகிறது. 304 ரகம் இதற்குச் சீக்கிரம் ஆளாகும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 கூடுதலாகத் தாங்கும் என்றாலும், உப்பு மண்ணில் அதுவும் முழுக் காப்பு அல்ல. இதைவிடப் பெரிய ஆபத்து உலோகங்களின் சேர்க்கையில் இருக்கிறது. இரண்டு உலோகங்கள் ஈர மண்ணில் தொட்டுக்கொண்டால் வினைத்திறன் மிகுந்தது கரையும், மற்றது தப்பும். கரையும் பரப்பு சிறியதாகவும் தப்பும் பரப்பு பெரியதாகவும் இருந்தால் அரிப்பு அந்தச் சிறிய இடத்திலேயே குவியும். விலையுயர்ந்த துருவேறா எஃகு வால்வை சாதாரண எஃகு போல்ட்டால் முடுக்கினால் முதலில் போவது போல்ட். வால்வு பளபளப்பாக இருக்கும்போதே இணைப்பு பிரிந்துவிடும். டக்டைல் அயர்ன் உடலில் துருவேறா எஃகு போல்ட் போட்டால் கணக்கு தலைகீழாகிறது: கரையும் பரப்பு பெரியது, இழப்பு பரவலாகிவிடும். செலவழிக்க வேண்டிய முதல் இடம் போல்ட் என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்பிண்டிலுக்குத் துத்தநாகம் மிகுந்த பித்தளை வேண்டாம். துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிவிட, மிஞ்சுவது பஞ்சுபோல் நொறுங்கும் செம்பு. நெருக்கடியில் வால்வைத் திருகும்போது ஸ்பிண்டில் முறியும்.

என் பரிந்துரை டக்டைல் அயர்ன் உடல். உள்ளும் புறமும் சூட்டில் உருக்கி ஒட்டிய எபாக்சிப் பூச்சு, குறைந்தது 250 மைக்ரான். துருவேறா எஃகு ஸ்பிண்டிலும் போல்ட்டும். கடுமையான மண்ணில் மேலே பாலித்தீன் உறை. பூச்சு கீறல்படும் என்பது இதற்கு வரும் வலுவான மறுப்பு. கீறல்படத்தான் செய்யும், கல்லோடு மண்ணைக் கொட்டி மூடும் வழக்கம் இருக்கும்வரை எந்தப் பூச்சும் தப்பாது. வால்வைக் குழியில் இறக்கும் முன் பூச்சை மின்சோதனை செய்து ஓட்டைகளை அடைப்பதும், சுற்றிலும் மணலிட்டு மூடுவதும் செலவு குறைந்த வேலைகள். பிளாஸ்டிக் வால்வு வீட்டு இணைப்பு அளவுக்குச் சரி. பெரிய விட்டத்தில், அழுத்தமும் திருகுவிசையும் கூடும் இடத்தில், உலோகத்தை விட முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. நேர் மின்சாரத்தில் ஓடும் ரயில்பாதை அருகில் இருந்தால் மண்ணில் கசியும் மின்னோட்டம் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். இரும்பிலிருந்து ஓர் ஆம்பியர் ஓராண்டு வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு கரையும். 750 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடும் பெங்களூரு மெட்ரோவின் ஓரத்தில் இதை முதலில் அளந்தாக வேண்டும். மாறு மின்சாரத்தில் ஓடும் சென்னை மெட்ரோவில் இந்தக் கவலை அந்த அளவுக்கு இல்லை.

உங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் பதிக்கும் திட்டம் வந்தால், ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா, போல்ட் என்ன உலோகம் என்று எழுதியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் வேலை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.