இன்றைக்கு எந்த ஊர் போகலாம்?

வெளிநாடு போய் வந்தவர்களில் இரண்டு ரகம் உண்டு. பார்க்கிறவர்களிடமெல்லாம் பிரயாணக் கதையைச் சொல்லி மாய்கிறவர்கள் ஒரு ரகம். பெட்டியைப் பரணில் ஏற்றிய கையோடு போன ஊரையும் மறந்துவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். நாங்கள் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. போன ஊருக்கே தினமும் சாயந்திரம் மறுபடியும் போய் வருகிறோம். டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம். காபி ஆறுவதற்குள் கம்போடியா போய்ச் சேர்ந்துவிடலாம்!

என் கணவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், 2007-லிருந்து 2016 வரைக்கும் ஒன்பது நாடுகள் பார்த்தோம். "படத்தை நீ எடு, கணக்கை நான் எழுதறேன்" என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். கோபுரம் எத்தனை மீட்டர், ரயில் பாதை எத்தனை கிலோ மீட்டர், தண்ணீர் பாட்டில் என்ன விலை எல்லாம் அவர் நோட்டில் ஏறிவிடும். என் பார்வை வேறு. அந்த ஊர்ப் பெண்கள் அடுப்பில் என்ன வைக்கிறார்கள், குழந்தையை எப்படித் தூக்குகிறார்கள் என்றுதான் என் கண் போகும். "ஒரே ஊருக்குப் போயிட்டு ரெண்டு பேரும் ரெண்டு ஊரைப் பார்த்துட்டு வர்றீங்க" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இவருக்கு மறதி அதிகமாயிற்று. சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிஷம், "இன்னும் இலை போடலையா?" என்பார். தினம் நடக்கிற தெருவில் வழி புரியாமல் நின்றுவிட்டார். டாக்டர் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, அல்சைமர் வியாதியின் ஆரம்ப நிலை என்றார். பூரணமாகக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லையாம். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்: "வீட்ல பழைய போட்டோ ஆல்பம் இருக்காம்மா?"

புதிய சங்கதிகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் இந்த வியாதி முதலில் தொடுகிறதாம். அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்து போகும். பல வருஷத்துக்கு முந்தியது நிற்கும். பழைய படங்களையும் பொருள்களையும் காட்டிப் பேச வைப்பதை நினைவூட்டல் சிகிச்சை என்கிறார்கள். வியாதியை இது விரட்டி விடாது. சிலருக்குப் பேச்சும் மனசும் கொஞ்சம் தெளிவடையும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் எங்களுக்கு எவ்வளவு பெரிசு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாற்கடலை எண்ணியவர்

முதல் ஆல்பம் கம்போடியா, 2007. அங்கோர் வாட் கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டினான். கிழக்குப் பிராகாரச் சுவரில் பாற்கடலைக் கடையும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய 49 மீட்டர் நீளம்! நடுவில் பெருமாள், கீழே ஆமை. இரண்டு பக்கமும் வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். தேவர்கள் 88, அசுரர்கள் 92 என்று வழிகாட்டி சொன்னான். கணக்குக்காரர் சும்மா விடுவாரா? விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். பாதியில் ஒரு டூரிஸ்ட் கூட்டம் வந்து மறைத்துக் கொள்ள, மறுபடியும் ஒன்றிலிருந்து! எனக்குக் கால் கடுத்துப் போயிற்று.

நான் பார்த்த கம்போடியா ரோட்டோரத்தில் இருந்தது. அங்கே பனைதான் தேசிய மரம்; நம் தமிழ்நாட்டுக்கும் அதுவே மாநில மரம். வீட்டு வாசலில் பெரிய வாணலியில் பதநீர் காய்ச்சி, வில்லை வில்லையாக வார்த்து, பனை ஓலையில் சுற்றி விற்கிறார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன? வாணலியைக் காட்டினேன், நாக்கைத் தொட்டேன், அந்தப் பெண் சிரித்துக் கொண்டே ஒரு வில்லையை நீட்டினாள்.

இப்போது இந்தப் படங்களைத் திறக்கும்போது ஒரு துண்டு கருப்பட்டியை இவர் கையில் கொடுத்துவிடுவேன். அங்கோர் வாட் என்ற பெயர் வருவதில்லை. வாயில் போட்டுக் கொண்டு, "வாசல்லயே கொதிச்சுதே" என்பார். அது போதும் எனக்கு.

தண்ணீர் ஏறுவதற்குள்

அடுத்தது எகிப்து, 2009. அஸ்வானிலிருந்து விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, பாலைவனத்தின் நடுவே அபு சிம்பல் போனோம். மலையைக் குடைந்து இரண்டாம் ராம்சேஸ் மன்னன் அமைத்த கோயில். மூவாயிரம் வருஷத்துக்கும் மேலான பழசு. நைல் நதியில் அஸ்வான் பேரணை எழும்பியபோது கோயில் மூழ்கிவிடும் என்ற நிலை. பல நாடுகள் யுனெஸ்கோ மூலம் கை கொடுத்தன. 1964-லிருந்து 1968-க்குள் கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுத்து, நம்பர் போட்டு, சுமார் 65 மீட்டர் உயரத்தில் அப்படியே திரும்ப அடுக்கிவிட்டார்கள். வருஷத்தில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் சூரிய ஒளி கர்ப்பக்கிருகம் வரைக்கும் போகும் ஏற்பாடு இடம் மாறிய பிறகும் பிசகவில்லை. "கணக்கு சரியா இருந்தா கோயிலையே நகர்த்தலாம்" என்று இவர் நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு எகிப்தில் கவலை இல்லை. கொஷரி என்று ஒன்று. சோறு, மசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் கலந்து, மேலே தக்காளிச் சாறு ஊற்றி, பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைத் தூவிக் கொடுப்பார்கள். நம் கிச்சடிக்கு உறவுக்காரி என்று சொல்வார்கள். இன்றும் மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டில் கொஷரி உண்டு.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி அந்த அபு சிம்பல் படம்தான் என் மனசில் வந்தது. தண்ணீர் ஏறிக் கொண்டிருக்கிறது. அதை நிறுத்த என்னால் ஆகாது. ஏறுவதற்குள் பாளம் பாளமாக எடுத்து மேட்டில் வைக்கலாம் அல்லவா? மறுநாளே ஒரு புது நோட்டு வாங்கினேன். இவர் சொல்லச் சொல்ல, சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்கிறேன்.

பனி மலையில் மெதுவாக

2012-ல் சுவிட்சர்லாந்து. யுங்ஃபிராவ் மலை ரயிலுக்கு அது நூற்றாண்டு. 1896-ல் வேலையைத் தொடங்கி, 1912-ல் முடித்திருக்கிறார்கள். பாதையின் நீளம் 9 கிலோ மீட்டர் சொச்சம். அதில் 7 கிலோ மீட்டருக்கு மேல் மலையின் வயிற்றுக்குள்ளேயே சுரங்கம். கடைசி ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர். டிக்கெட் விலையை ரூபாயால் பெருக்கிப் பார்த்துவிட்டு இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வந்தது வந்தாச்சு, ஏறுங்க" என்றேன்.

அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நாலடி வேகமாக நடந்தால் இளைக்கிறது. இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. நாங்கள் கையைக் கோத்துக் கொண்டு, ஆமை போல நடந்து, அடிக்கடி உட்கார்ந்து சமாளித்தோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் வெளியில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்துக் கொண்டு நடந்தது அன்றுதான்! அந்தப் படத்தைப் பார்த்தால் இவர் ஒன்றும் சொல்வதில்லை. கையை மட்டும் நீட்டுகிறார்.

விரல் மறக்காத கொக்கு

2014-ல் ஜப்பான். ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15-க்கு அணுகுண்டு விழுந்தபோது சடாகோ என்ற குழந்தைக்கு வயது இரண்டு. பிற்பாடு ரத்தப் புற்றுநோய் வந்து, 1955-ல் 12 வயதில் போய்விட்டாள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது அங்கே நம்பிக்கை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் அவள் கொக்கு மடித்தாள். 1958-ல் திறந்த குழந்தைகள் நினைவுச் சின்னத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து இன்றும் கொக்குகள் வந்து குவிகின்றன.

அங்கே ஒரு வயதான அம்மாள் எங்களை உட்கார வைத்து மடிக்கக் கற்றுக் கொடுத்தாள். பேச்சே கிடையாது, அவள் மடிக்க நாங்கள் மடித்தோம். எனக்கு ஒன்றிரண்டோடு சரி. இவர் மட்டும் படிப்படியாகப் படம் போட்டுக் கொண்டு வந்து, ஊருக்குத் திரும்பிய பிறகு பேரன் பேத்திகளுக்கு நூற்றுக்கணக்கில் மடித்துத் தள்ளினார்.

இன்று ஹிரோஷிமா என்ற பெயர் இவருக்கு நினைவில்லை. ஆனால் ஒரு சதுரக் காகிதத்தை முன்னால் வைத்துவிட்டால், விரல் பாட்டுக்கு மடித்துக் கொண்டே போகிறது. கை பழகின வேலைக்கான ஞாபகம் மூளையில் வேறு இடத்தில் இருப்பதால், அது கடைசி வரைக்கும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். உங்கள் வீட்டிலும் பாருங்கள். பூத் தொடுப்பது, கோலம் போடுவது, கீரை ஆய்வது... பெயர்கள் மறந்தவர்களுக்கும் விரல் மறப்பதில்லை.

அஞ்சரை மணி வித்தியாசம்

கடைசிப் பிரயாணம் இங்கிலாந்து, 2016. கிரீனிச்சில் பூமத்திய ரேகை போலக் குறுக்கே ஓடாமல், வடக்கு தெற்காக ஒரு கோடு. உலகத்துக்கே நேரம் கணக்கிட இதுதான் ஆரம்பம் என்று 1884-ல் வாஷிங்டனில் கூடித் தீர்மானித்தார்கள். நான் ஒரு பக்கம், இவர் மறு பக்கமாக நின்று படம் எடுத்துக் கொண்டோம். நான் கிழக்கு, இவர் மேற்கு!

பின்னால் போன ஊர்தான் முன்னால் மறக்கிறது. இங்கிலாந்து ஆல்பம் இவருக்கு ஏறக்குறையக் காலி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக் கொண்டு, "ஆபீசுக்கு நேரமாச்சு" என்கிறார். பகல் இரவு குழம்புவது இந்த வியாதியில் சகஜம். "லண்டன்ல இப்பத்தான் ராத்திரி எட்டரை, இன்னும் தூங்கற நேரம் வரலை, கொஞ்சம் பால் குடிங்க" என்று உட்கார வைப்பேன். வாதாடினால் கோபம் வருகிறது. கூடப் பேசினால் தூக்கம் வருகிறது.

போன மாதம் ஒருநாள் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவர், "இந்தப் பக்கம் நிக்கற அம்மா யாரு?" என்றார்.

"உங்க கூடப் பிரயாணம் வந்தவங்க" என்றேன்.

படத்தைக் கிட்டத்தில் கொண்டு போய்ப் பார்த்தார். "நல்ல துணைதான் போல இருக்கு" என்றார்.

அன்றைக்கு மட்டும் அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் வழக்கம் போலப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அந்தப் பதிலையும் நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு சர்டிபிகேட் கேட்டு வாங்க முடியுமா, சொல்லுங்கள்!

உங்கள் வீட்டிலும் செய்யலாம்

மறதி எல்லாமே வயதினால் என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும்; அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

படம் பார்க்கும்போது "இது எந்த ஊர், ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் அவர்கள் மனசு குன்றிவிடும். "இது நாம கம்போடியா போனப்ப எடுத்தது" என்று நீங்களே ஆரம்பியுங்கள்; மீதியை அவர்கள் தொடர்வார்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு ஊர், அரை மணி நேரம் போதும். முகம் வாடினால் ஆல்பத்தை மூடிவிடுங்கள். படத்தோடு வாசனை, ருசி, பாட்டு ஏதாவது சேரட்டும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊர், வருஷம், கூட இருந்தவர் பெயரை இன்றைக்கே எழுதி வையுங்கள். போனில் ஆயிரம் படம் இருந்து என்ன லாபம்? நல்லதாக ஐம்பதைப் பிரிண்ட் போட்டு, கையில் புரட்டும்படி வையுங்கள்.

வெளியே கிளம்பினால் இவர் சட்டைப் பையில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதிய அட்டை கட்டாயம் இருக்கும். அதை மறக்காமல் வைப்பது என் பொறுப்பு.

இதற்கெல்லாம் வெளிநாடுதான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. குற்றாலத்தில் குளித்த படமும், குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்த படமும் போதும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அந்த ஊருக்குச் சாயந்திரம் ஒரு நடை அழைத்துப் போய் வாருங்களேன்.