சொக்லேட்டா, வனிலாவா?

கடந்த தவணை விவாதப் போட்டியில் எனக்கே நம்பிக்கையில்லாத பக்கத்துக்காகப் பேசி வென்றேன். வீட்டில் பெருமையடித்தபோது நானா, "தங்கச்சி, உன்ன மாதிரியே ஒருத்தன் இந்தப் படத்துல வாறான், பாரு" என்று 'தேங்க் யூ ஃபோர் ஸ்மோக்கிங்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைத் தந்தார்.

கிறிஸ்டோபர் பக்லியின் 1994ஆம் ஆண்டு நாவலை 2005இல் ஜேசன் ரைட்மன் படமாக்கினார். நாயகன் நிக் நெய்லர் சிகரெட் கம்பனிகளின் லொபியிஸ்ட். அதாவது, அவற்றுக்காக அரசியல்வாதிகளிடமும் ஊடகங்களிடமும் பேசிக் காரியம் சாதிப்பவன். தொடக்கத்திலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் புற்றுநோயால் வாடும் சிறுவனின் அருகே அமர்ந்து, இவன் இறந்தால் ஒரு வாடிக்கையாளரை இழப்பது நாங்கள்தானே என்கிறான். சபை வாயடைத்துப் போகிறது. (இத்தனைக்கும், கதாபாத்திரங்களில் ஒருவர்கூட படத்தில் புகைப்பதில்லை.)

என்னை உலுக்கியது ஐஸ்கிரீம் காட்சிதான். சொக்லேட்தான் சிறந்தது என்று வாதிடுமாறு நிக் தன் மகன் ஜோயியிடம் சொல்கிறான். மகன் வாதிட, நிக் வனிலாவைப் புகழவேயில்லை. எனக்குத் தெரிவு செய்யும் சுதந்திரம் வேண்டும் என்று பேச்சைத் திருப்பிவிடுகிறான். வனிலா சிறந்ததென்று நீங்கள் நிரூபிக்கவில்லையே என்று மகன் கேட்கிறான். நீ பிழையென்று காட்டினால் போதும், நான் சரியாகிவிடுவேன் என்பது தந்தையின் பதில். மகனுக்கு அப்போதும் திருப்தியில்லை. நான் உன்னை இணங்கவைக்கப் பேசவில்லை, அவர்களை இணங்கவைக்கவே பேசினேன் என்று சுற்றியிருக்கும் கூட்டத்தைக் காட்டுகிறான் நிக். போட்டியன்று நானும் நடுவர்களைப் பார்த்துத்தான் பேசினேன்.

இந்தத் தந்திரம் கற்பனையல்ல. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பனித் தலைவர்கள் நியூயோர்க் ஹோட்டலொன்றில் கூடி, விளம்பர நிபுணர்களின் உதவியை நாடினர். அடுத்த மாதமே 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. சிகரெட்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்றது அது. சிகரெட் நல்லதென்று நிரூபிக்க அவர்கள் மெனக்கெடவில்லை. மக்கள் மனதில் சந்தேகம் இருந்தால் போதும், விற்பனை நடக்கும்.

படத்தில் வேர்மொன்ட் மாநில செனட்டர், சிகரெட் பெட்டியில் மண்டையோட்டுப் படம் போடவேண்டும் என்கிறார். உங்கள் ஊர் சீஸும் இதயக் குழாயை அடைக்கிறது, அதிலும் போடுவோமா என்று மடக்குகிறான் நிக். நம் நாட்டில் 2015 முதல் பெட்டியின் 80 சதவீதத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. எங்கள் வாப்பா அதைத் தினமும் பார்க்கிறார். "மூத்தாப்பா எண்பது வயசு வரைக்கும் பத்தினாரே" என்பார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

வாப்பாவுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். முடிந்ததும், "சீஸ் கேள்விக்கு நீ என்ன பதில் சொல்லுவாய், மகள்?" என்றார்.

"சீஸ் அளவோட சாப்பிட்டா சாப்பாடு, வாப்பா. சிகரெட்ட எப்படிப் பத்தினாலும் நோய்தானே?"

நல்ல பதில் என்று பாராட்டினார். பிறகு சட்டைப் பையைத் தடவியபடி வாசலுக்குப் போனார்.